வாரத் தவணையும் கால் ரூபாய் வட்டியும்: ஆந்திரக் குழுக் கடன் சட்டம் 2010, ஒரு நிகழ்வு ஆய்வு

2010 அக்டோபர் நடுவில் ஆந்திரப் பிரதேச அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பெண்களுக்குக் குழுக் கடன் கொடுக்கும் தனியார் நிறுவனங்களைக் கட்டுக்குள் வைப்பதுதான் நோக்கம். மிரட்டி வசூலித்தால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், விரைவு நீதிமன்றம் என்று கனமான பிரிவுகள் அதில் நிறைய இருந்தன. ஆனால் அந்தத் தொழிலைச் சாய்த்தவை பார்வைக்குச் சாதாரணமான இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, தவணையை வாரா வாரம் வாங்கக் கூடாது. மாதம் ஒருமுறை, அதுவும் ஊராட்சி அலுவலகத்திலோ அரசு குறிப்பிடும் பொது இடத்திலோதான் வாங்க வேண்டும். இரண்டு, ஏற்கெனவே கடன் உள்ள மகளிர் குழு உறுப்பினருக்கு இன்னொரு கடன் கொடுப்பதென்றால் அரசு அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. வீட்டு வாசலில் நின்று கத்துகிறவனை ஊராட்சி அலுவலகத்துக்கு வரச் சொல்வதில் என்ன தப்பு? கடன் மேல் கடன் வாங்குவதைத் தடுப்பதில் என்ன தப்பு? சில மாதங்களில் அந்த மாநிலத்தில் வசூல் ஏறக்குறைய 99 சதவீதத்திலிருந்து 20-க்கும் கீழே போனது. 7,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியில் நின்றது. புதிய கடன் கிட்டத்தட்ட நின்றே போனது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் இரண்டே விதமாகச் சொல்வார்கள். பேராசை பிடித்த நிறுவனங்களிடமிருந்து அரசு ஏழைகளைக் காப்பாற்றியது என்பது ஒன்று. நன்றாக நடந்த தொழிலை அரசியல்வாதிகள் கெடுத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் அரசு வெளியே நிற்கும் நடுவர். ஆந்திராவில் அரசு நடுவர் இல்லை. அதே சந்தையில் அதே பெண்களுக்குக் கடன் ஏற்பாடு செய்துகொண்டிருந்த இன்னொரு கடைக்காரர். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவை புரியும்.

முதலில் கடை போட்டது அரசு

1992-ல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களை இலக்காக வைத்துத் தொடங்கியது. (தர்மபுரியில் 1989-லேயே சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கிவிட்டன என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த கதை.) ஆந்திராவில் இதற்கு இன்னொரு உரம் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் கிளம்பினார்கள். அந்தக் கூட்டங்கள் சேமிப்புக் குழுக்களாக நிலைத்தன. 2000-ல் கிராம வறுமை ஒழிப்புக்காக மாநில அரசு தனியாக ஒரு சங்கம் அமைத்தது. உலக வங்கிப் பணம் வந்தது. ‘வெலுகு’ என்று தொடங்கிய திட்டம் பிறகு ‘இந்திரா கிராந்தி பதம்’ ஆனது. 2010 வாக்கில் மாநிலத்தில் ஏறக்குறைய 10 லட்சம் குழுக்கள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். இந்த அளவுக்கு வேறெந்த மாநிலமும் செய்யவில்லை.

2004-ல் ஆட்சிக்கு வந்த ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி இதன் மேல் ‘பாவலா வட்டி’யை வைத்தார். பாவலா என்றால் தெலுங்கில் கால் ரூபாய். நூற்றுக்கு மாதம் 25 காசு, அதாவது வருடம் 3 சதவீதம். ஆனால் வங்கியில் அந்தப் பெண் கட்டுவது 12 சதவீதம்போல. ஒழுங்காகக் கட்டினால் மிச்ச வட்டியை அரசு பிற்பாடு திருப்பித் தரும். மேடையில் சொல்வதற்கு இதைவிட நல்ல வாக்குறுதி கிடையாது. குழுவில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி. முதலில் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டும், கூட்டப் புத்தகம், கணக்குப் புத்தகம் சரியாக இருக்க வேண்டும், வங்கி மேலாளருக்கு நேரம் இருக்க வேண்டும். பிறகு குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை வரும். பத்துப் பதினைந்து பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சொற்பம். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் ஜூன் மாதம் கட்ட வேண்டும், குழுக் கடன் அக்டோபரில் வரும் என்றால் அந்த 3 சதவீதத்தை வைத்து என்ன செய்வது?

திட்டம் எட்டிய தூரம் அவ்வளவுதான். விலையைக் குறைக்க அதனால் முடிந்தது. நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை.

எதிரே வந்த கடை

அந்த இடைவெளியில்தான் தனியார் வந்தார்கள். விஜய் மகாஜனின் பேசிக்ஸ், உதய குமாரின் ஷேர், குண்டூரில் பத்மஜா ரெட்டி தொடங்கிய ஸ்பந்தனா, மேடக் மாவட்டத்தில் விக்ரம் அகுலா 1997-ல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். வங்காளதேசத்து கிராமீன் முறையைக் கொஞ்சம் மாற்றி, வேகப்படுத்திக்கொண்டார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு, அடமானம் கிடையாது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. சில நாட்களில் பணம் கையில்.

கணக்கு இப்படித்தான் இருக்கும். 10,000 ரூபாய் கடன். வாரம் 225 ரூபாய் வீதம் 50 வாரம். மொத்தம் 11,250. ‘பன்னிரண்டரை சதவீத வட்டிதான்’ என்பார் கடன் கொடுக்க வந்தவர். முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பப் போகிறது, ஆகவே வருடம் முழுக்கக் கையில் இருப்பது சராசரியாக ஐயாயிரத்துச் சொச்சம் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். உண்மையான வட்டி 24 சதவீதத்தைத் தாண்டும். பாவலா வட்டியோடு வைத்துப் பார்த்தால் அநியாயம். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் கேட்கும் உள்ளூர்க்காரரோடு வைத்துப் பார்த்தால் மலிவு. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே கடன் கொள்ளையாகவும் உதவியாகவும் தெரியும். 2010-ல் அரசு ஒரு பக்கமும் நிறுவனங்கள் மறுபக்கமும் நின்று கத்தியது இதற்காகத்தான்.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வங்கிகளிடமிருந்து. வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்குக் கொடுத்தாக வேண்டும். இந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தால் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. கிராமத்துக்குப் போய் நூறு குழுக்களைப் பார்ப்பதைவிட ஹைதராபாத்தில் ஒரே கம்பெனிக்கு நூறு கோடி கொடுப்பது எந்த மேலாளருக்கும் சுலபம். ஆகவே தனியார் வளர்ந்தது அரசு விதி ஊற்றிய தண்ணீரில்தான். அப்புறம் ஆட்களைச் சேர்ப்பதிலும் பாதி வேலை முடிந்திருந்தது. கூட்டத்துக்கு வந்து பழகிய, கையெழுத்துப் போடத் தெரிந்த, தவணை என்றால் என்னவென்று தெரிந்த பெண்களை அரசு ஏற்கெனவே லட்சக்கணக்கில் தயார் செய்து வைத்திருந்தது. அரசுத் தரப்பின் தீராத புகாரே இதுதான்: நாங்கள் உழுத நிலத்தில் இவர்கள் அறுக்கிறார்கள். அந்தப் புகார் பொய்யில்லை.

2005-ல் எஸ்.கே.எஸ். லாப நோக்க நிறுவனமாக மாறியது. 2007-ல் அமெரிக்காவின் சிகோயா முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. 2006-ல் இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்த உறுப்பினர்கள் 2010 மார்ச்சில் 67 லட்சத்தைத் தாண்டினார்கள். நான்கு வருடத்தில் இப்படி வளர வேண்டுமென்றால் ஒரு கடன் அதிகாரிக்கு ஒவ்வொரு வீட்டையும் பார்த்து இவர்களால் கட்ட முடியுமா என்று யோசிக்க நேரம் இருக்காது. அந்தப் பெண்ணுக்கு வேறு எத்தனை இடத்தில் கடன் இருக்கிறது என்று பார்க்க அப்போது ஏற்பாடும் கிடையாது. ஒரே தெருவில் மூன்று நிறுவனங்கள், ஒரே பெண்ணிடம் மூன்று பாஸ்புக். ஒன்றில் வாங்கி இன்னொன்றில் கட்டுவது வாடிக்கையானது. வசூல் 99 சதவீதம் என்று நிறுவனங்கள் பெருமையாகக் காட்டிய எண்ணில் இந்தச் சுழற்சியும் அடக்கம்.

ஒரு முன்னோட்டம்

2006 மார்ச்சில் கிருஷ்ணா மாவட்ட நிர்வாகம் சுமார் 50 கிளைகளை ஒரேயடியாக மூடியது. காரணங்கள் எல்லாம் 2010-ல் கேட்ட அதே காரணங்கள்: வட்டி அதிகம், வசூல் முறை கொடுமை, அரசுக் குழுக்களை இழுக்கிறார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, நிறுவனங்கள் வட்டியைக் கொஞ்சம் குறைத்தன, நன்னடத்தை விதிகள் எழுதிக் கையெழுத்திட்டன. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கடன் தகவல் பகிர்வோ, ரிசர்வ் வங்கியின் தனி விதியோ எதுவும் பிறக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் உண்மையாக வீணான காலம் 2006-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட நான்கு வருடம்தான்.

தீப்பொறி

2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 985 ரூபாய். திரட்டியது சுமார் 1,650 கோடி. சில வாரங்களில் விலை 1,400-ஐத் தாண்டியது. ஏழைப் பெண்களின் வாரத் தவணையில் கோடீஸ்வரர்கள் உருவாகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதே மாதங்களில் மாவட்டங்களிலிருந்து தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கின. இறந்தவர்களின் பட்டியலை அரசுச் சங்கமே தயாரித்தது. எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் மாறியது. பல கடன் இருந்த வீட்டில் எந்தக் கடன் கொன்றது என்று சொல்வது கடினம். ஆனால் குழுவில் உள்ளவர்களையே ஏவிவிட்டு வாசலில் உட்கார வைத்து அவமானப்படுத்துவது நடந்தது என்பதில் சந்தேகமில்லை. கூட்டுப் பொறுப்பு என்ற அழகான ஏற்பாட்டின் மறுபக்கம் அது.

அரசியல் நிலையும் சேர்ந்துகொண்டது. ராஜசேகர ரெட்டி 2009 செப்டம்பரில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டார். முதல்வர் நாற்காலியில் ரோசையா. கட்சிக்குள் குழப்பம், வெளியே தெலங்கானா போராட்டம். எதிர்க்கட்சி கடனைக் கட்ட வேண்டாம் என்றே பேசியது. இப்படிப்பட்ட நேரத்தில் எந்த அரசும் மெதுவாக யோசித்துச் சட்டம் எழுதாது. டிசம்பரில் சட்டசபை அந்த அவசரச் சட்டத்தையே முழுச் சட்டமாக்கியது.

ஏன் அப்படி இடிந்தது

அடமானமில்லாத கடன் ஏன் திரும்பி வருகிறது? பயத்தால் என்று ஒரு பதில். பாதி உண்மை. மீதிப் பாதி: ஐம்பதாவது வாரம் முடிந்ததும் அடுத்த கடன், இதைவிடப் பெரிதாக வரும் என்ற நம்பிக்கை. குழுக் கடன் வாங்கிய எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பழைய தவணை கட்டப்படுவது புதிய கடனுக்காக. பக்கத்து வீட்டுக்காரியும் கட்டுகிறாள் என்பது இரண்டாவது காரணம். வாரக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருடைய கண் முன்னால் கட்டுகிறார்கள்.

சட்டம் இரண்டையும் ஒரே அடியில் எடுத்துவிட்டது. மாதம் ஒருமுறை ஊராட்சி அலுவலகம் என்றதும் கூட்டம் கலைந்தது. யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று யாருக்கும் தெரியாது. அடுத்த கடனுக்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அது வருவதாக இல்லை என்றதும் கட்டுவதற்குக் காரணமே போய்விட்டது. அடுத்த கடன் கிடையாது, கட்டாவிட்டால் கேட்க ஆள் கிடையாது, தலைவர்களே கட்டாதே என்கிறார்கள். இதற்கு மேலும் ஒருத்தி 225 ரூபாய் எண்ணி வைத்தால் அவள் தியாகிதான்.

சரி, அந்த ஒப்புதலைத் தர வேண்டிய அதிகாரி யார்? நிறுவனங்கள் யாரிடம் போய்ப் பதிய வேண்டும்? கிராமப்புறத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநரிடம். அதாவது அந்த மாவட்டத்தில் அரசின் குழுத் திட்டத்தை நடத்தும் அதே மனிதரிடம். தன் குழுவில் இருக்கும் பெண் போட்டி நிறுவனத்தில் கடன் வாங்கலாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருடைய நாற்காலி போட்டியில் இருக்கிறது. எதிர்க் கடையின் லைசென்ஸை ஒரு கடைக்காரர் கையில் கொடுத்தால் அவர் எப்படிக் கையெழுத்திடுவார் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை.

இன்னொரு கோளாறு அதிகாரப் பிரிவினையில் இருந்தது. அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 30-வது இனம் வட்டித் தொழிலை மாநிலத்துக்குத் தருகிறது. ஆனால் இந்தப் பெரிய நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்கள். ரிசர்வ் வங்கியிடம் லைசென்ஸ் இருந்தது, மூலதன விதி இருந்தது. கிராமத்து வாசலில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண் கிடையாது. மாநிலத்திடம் போலீஸ் இருந்தது, கலெக்டர் இருந்தார். ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் படுத்தால் அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆள் கிடையாது. பார்க்க முடிந்தவருக்குத் தொழில் தெரியவில்லை; தொழில் தெரிந்தவர் தூரத்தில் இருந்தார்.

இடிபாடு

ஷேர், ஸ்பந்தனா உட்பட ஐந்து ஆந்திர நிறுவனங்கள் 2011-ல் வங்கிகளோடு கடன் மறுசீரமைப்புக்குப் போயின. பேசிக்ஸ் கிட்டத்தட்ட எழுந்திருக்கவே இல்லை. இத்தனைக்கும் கடனோடு வாழ்வாதாரப் பயிற்சியும் வேண்டும் என்று முதலிலிருந்தே பேசியவர்கள் அவர்கள். ஒழுங்காக இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கவில்லை. எஸ்.கே.எஸ். 2011-12 நிதியாண்டில் 1,361 கோடி நஷ்டம் காட்டியது. அகுலா 2011 நவம்பரில் விலகினார். பங்கு 2012-ல் 100 ரூபாய்க்கும் கீழே போனது. ஆனால் அது பிழைத்தது. ஆந்திராவுக்கு வெளியே இருந்த கிளைகளும், சந்தையில் திரட்டிய அதே பங்குப் பணமும்தான் அதைக் காப்பாற்றின. எந்தப் பேராசையைக் காட்டித் திட்டினார்களோ அதுவே குஷனாக வந்து நின்றது.

அதிர்வு மாநில எல்லையோடு நிற்கவில்லை. ஆந்திராவில் அடி வாங்கிய நிறுவனங்கள் பணமில்லாமல் மற்ற மாநிலங்களிலும் கடனைக் குறைத்தன. எமிலி ப்ரேசா, சிந்தியா கின்னன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்படிக் கடன் வறண்ட மாவட்டங்களில் தினக்கூலி குறைந்தது, வீட்டுச் செலவு குறைந்தது. கடனே வாங்காத கூலித் தொழிலாளிக்கும் அடி விழுந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதைச் சொல்வதால் நிறுவனங்களின் விளம்பரத்தை நம்ப வேண்டும் என்று பொருளில்லை. ஹைதராபாத்தின் 104 குடிசைப் பகுதிகளில் பாதியில் மட்டும் ஸ்பந்தனா முதலில் கிளை திறக்க, பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் கொஞ்சம் முதலீடு செய்தார்கள்; வறுமை ஒழிந்ததற்கோ பெண்களின் நிலை தலைகீழாக மாறியதற்கோ அடையாளமில்லை. குழுக் கடன் ஓர் இடைக்காலக் கைமாற்று. அதைப் புரட்சி என்று விற்றார்கள். அந்த வார்த்தைதான் பிறகு அவர்கள் கழுத்தைப் பிடித்தது.

அதே சமயத்தில் சென்னையைச் சேர்ந்த நுண்நிதி ஆய்வு மையம், ஆந்திர கிராமங்களில் 1,920 குடும்பங்களிடம் எடுத்த கணக்கும் வெளிவந்தது. தனியார் குழுக் கடன் வைத்திருந்த குடும்பங்கள் சுமார் 11 சதவீதம். மகளிர் குழுக் கடன் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில். உள்ளூர் வட்டிக்காரர், நிலக்கிழார், உறவினர் என்று ஏட்டில் வராத கடன் 82 சதவீத வீடுகளில். சட்டம் போய் விழுந்தது 11 சதவீதத்தின் மேல்.

பிறகு வந்த விதிகள்

ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு இந்த நிறுவனங்களுக்கென்று தனி வகை உருவானது. ஒரு பெண்ணுக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது, அவளுடைய மொத்தக் கடன் 50,000-ஐத் தாண்டக் கூடாது, வட்டிக்கு உச்சவரம்பு என்று விதிகள் வந்தன. வட்டி உச்சவரம்பைப் பல முறை திருத்திக் கடைசியில் 2022-ல் எடுத்தே விட்டார்கள். மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி. இதையெல்லாம்விட உருப்படியாக வேலை செய்தது கடன் தகவல் நிறுவனங்கள். எத்தனை இடத்தில் பாக்கி என்று ஒரு நிமிடத்தில் தெரிய ஆரம்பித்தது. 2006-லேயே செய்திருக்கக்கூடிய காரியம்.

ஆந்திரச் சட்டம் நீதிமன்றங்களில் இழுபட்டது. 2022 மே மாதம் கேரள, குஜராத் வட்டித் தொழில் சட்டங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் வழியே 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றமும், ஆந்திரச் சட்டம் அப்படிப்பட்ட நிறுவனங்களைக் கட்டாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் எஸ்.கே.எஸ். என்ற பெயரே இல்லை. பாரத் ஃபைனான்ஷியல் ஆகி, 2019-ல் இண்டஸ்இண்ட் வங்கியோடு கலந்துவிட்டது.

2025-ல் கர்நாடகமும் தமிழ்நாடும் அடுத்தடுத்துச் சட்டம் கொண்டுவந்தன. இரண்டின் பெயரிலும் ‘கட்டாய நடவடிக்கைகளைத் தடுத்தல்’ என்று இருக்கிறது. ஆந்திரச் சட்டத்தின் பெயரில் இருந்தது ‘கடன் கொடுத்தலை ஒழுங்குபடுத்துதல்’. மிரட்டலைக் குறிவைப்பது கடனைக் குறிவைப்பதைவிட நல்ல இடம் என்று நினைக்கிறேன்.

ஆந்திர அரசு தன் கடையை என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியார் போன வெற்றிடத்தைப் பழைய குழுத் திட்டத்தால் நிரப்ப முடியவில்லை என்பது அதிகாரிகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2011-ல் ‘ஸ்திரீ நிதி’ என்று ஒரு கடன் கூட்டுறவு இணையத்தைத் தொடங்கினார்கள். கைபேசி வழியே விண்ணப்பம், 48 மணி நேரத்தில் பணம் என்பது அதன் வாக்குறுதி. அதுவரை வட்டி எவ்வளவு என்பதையே பேசிக்கொண்டிருந்த திட்டம், எத்தனை மணி நேரம் என்று முதன்முறையாகப் பேசியது. அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று யூகிக்கச் சிரமமில்லை. ஊரை விட்டு விரட்டப்பட்ட கடைக்காரர்தான் அதை அந்தப் பெண்களுக்குப் பழக்கிவிட்டுப் போயிருந்தார்.